பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கும்பிடுங்கள்

வீட்டிலேயே பட்டறை போட்டு மரவேலை செய்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, நினைத்தபோதெல்லாம் விட்டுவிட்டேன். படிப்பு போதாது என்பது ஒரு காரணம். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கள் தெரு அம்மனைப் பற்றி ஒரு கதை இந்தப் பக்கம் நடமாடுகிறது. ரம்பத்தில் போக இருந்த ஒரு கையை, சரியான நேரத்துக்குக் கோயில் மணியை அடித்து அம்மன் காப்பாற்றினாள் என்று சொல்கிறார்கள். அந்தக் கை என் மச்சான் ஏகாம்பரத்துடையது. அப்போது அவனுக்கு எதிரே நின்றிருந்தவன் நான். அன்று மணி அடிக்கவில்லை.

இதைச் சொன்னால் அம்மனுக்கு வந்த பெயரை நான் குறைப்பதாக ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். குளித்து, அவள் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றாமல் ஒரு நாளும் நான் பட்டறைக் கதவைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவன் இதை எந்த வாயால் சொல்வது?

இப்போது என்னை எழுத வைத்தவள் நம் குழுவில் இருக்கும் ஒரு தங்கை. வேலப்பன்சாவடியில் வீட்டு மாடியில் பூஜை அலமாரிகள் செய்கிறாள். போன மாதம் அவளுடைய மேசை ரம்பத்தை, டேபிள் சா என்கிறோமே அதை, பார்க்கப் போயிருந்தேன். உங்களில் பலர் வைத்திருப்பது போலத்தான். கையில் பிடித்து அறுக்கிற வட்ட ரம்பத்தைத் தலைகீழாக்கி, மேசைப் பலகைக்கு அடியில் திருகி, பிளேடு மட்டும் மேலே தெரியும்படி வைத்திருந்தாள். அந்த மெஷின் ஓட வேண்டுமென்றால் கைப்பிடியில் உள்ள விசையை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் நின்றுவிடும். மேசைக்கு அடியில் யார் உட்கார்ந்து அழுத்துவது? அதனால் விசையை அழுத்தி, ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறோம். பிறகு சுவர் சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும்.

அவள் கட்டியிருந்த கயிறு சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது.

"இன்னாம்மா இது, கோயில் கயிறா?"

"ஆமா அங்கிள். ஆடி மாசம் கோயில்ல குடுத்தாங்க. வெறும் கயிறு கட்றதுக்கு இதக் கட்னா ஒரு பாதுகாப்புதான? ஏகாம்பரம் அண்ணனுக்கு மணி அடிச்ச மாதிரி எனக்கும் அடிக்காமலா போயிடுவா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இதை எழுதியே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில், வார்ப்பட வேலைக்கு மர அச்சு செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் என் வேலைக்காலம் கழிந்தது. அங்கே பெரிய ரம்பத்தில் நின்றவர் பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு பாய். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

பிளேடில் கை வைக்க வேண்டுமென்றால், அது தூசி தட்டுவதற்காக இருந்தாலும் சரி, முதலில் போர்டிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சை அணைப்பதோடு விட மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பிளேடு மாற்றிக்கொண்டிருந்தவர், நேரமாகிவிட்டதே என்று பாதியில் தொழுகைக்குப் போய்விட்டார். பியூஸ் அவர் பையிலேயே போய்விட்டது. அன்று அவசர வேலை. அவர் திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் குதித்தார்.

"ஏன் பாய், கம்பெனி பியூஸ எடுத்துக்கினு பள்ளிவாசலுக்குப் போவியா நீ?"

பாய் பையிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "பிளேடு பாதி கழண்டு கீது சார். நான் அந்தாண்ட போன நேரம் எவனாவது சுவிட்ச தட்னா இன்னா ஆவும்? அந்த நெனப்போட நின்னா எப்டி சார் தொழுவறது? இது பையில இருந்துச்சு. நிம்மதியா தொழுதுட்டு வந்தேன்."

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் சிரித்தேன். அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மெஷினில் நிற்கிற ஆளை அவர் பின்னாலிருந்து கூப்பிட்டதே கிடையாது. தோளைத் தொட மாட்டார். சுற்றிக்கொண்டு போய், அந்த ஆளின் கண்ணுக்கு எதிரே நிற்பார். அறுப்பு முடியும் வரை காத்திருப்பார். பிறகு டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில் விஷயத்தைச் சொல்வார். ஒருமுறை நான் சத்தம் போட்டு ஒருவனைக் கூப்பிட்டதற்கு என்னிடம், "கத்திக் கூப்ட்டா தல திரும்பும் நைனா. கை எங்க கீதுன்னு தலைக்கு அப்ப ஞாபகம் இருக்காது" என்றார்.

இந்த இரண்டில் முதலாவதை நானும் மச்சானும் வீட்டுப் பட்டறையில் கைவிட்டோம். இரண்டாவது என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நானும் ஏகாம்பரமும் சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்தோம். ஏகாம்பரம் என் மனைவியின் தம்பி. என் மகள் செல்விக்குத் தாய்மாமன். அவளை அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். அன்று அவள் கடித்த தழும்பு அவன் வலது கையில் இன்னமும் இருக்கிறது. யார் கேட்டாலும் பெருமையாகக் காட்டுவான்.

அந்த ஆடி மாதம் செல்வி முதல் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும் என்று ஏகாம்பரம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தான். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு மணிக்கட்டில் இருந்தது. திருவிழா முடியும் வரை அவிழ்க்கக் கூடாது. தொங்குகிற எதுவும் ரம்பத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழங்கை மணிக்கட்டின் மேல்பக்கம் திருப்பி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, கையோடு ஒட்டினாற்போல் கட்டிவிட்டேன். அவ்வளவு கவனமாக இருந்தோம் என்பதற்காகச் சொல்கிறேன். கவனம் ஒரு பக்கம் இருக்க, ஆபத்து வேறு பக்கமாக வந்தது.

செல்வி படுக்கிற கட்டில் உயரம். வயிற்றோடு ஏறி இறங்கச் சிரமப்பட்டாள். அதற்கு ஒரு படி செய்து தருகிறேன் என்று ஏகாம்பரம் மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"மாசமா கீற பொண்ணு இருக்கிற ஊட்ல அறுக்கறேன் ஒடைக்கறேன்னு இன்னாடா இது?"

"தேங்கா ஒடைக்கக் கூடாதுன்றது மாசமா கீறவ புருசனுக்குத்தான்க்கா. மாமனுக்கு அந்தச் சட்டம் கெடையாது" என்றான்.

உள்ளேயிருந்து செல்வி, "மாமா, படி ஆடாம இருக்கணும். இப்ப நான் ரெண்டு ஆளு வெயிட்டு" என்றாள்.

"யானையே ஏறலாம் தாயீ. நீ சும்மா படு."

பகல் வேளை. கோயில் மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு ஜெனரேட்டர் உண்டு. ஏகாம்பரம் பலகையைத் தள்ள, அறுந்து வருவதை வாங்கிக்கொள்ள நான் மேசைக்கு எதிர்ப்புறம் நின்றேன். சுவிட்சும் பிளக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில். பாதி அறுத்திருப்போம், கரெண்ட் போனது. பிளேடு தள்ளாடிச் சுற்றி நின்றது.

தம்பிகளே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஓடுகிற ரம்பத்துக்கு நாமெல்லோரும் பயப்படுகிறோம். கரெண்ட் போனதும் அந்தப் பயம் போய்விடுகிறது. நாம் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது என்பதை மனம் மறந்துவிடுகிறது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அடியில் விசை கட்டியபடியே இருந்தது. இரண்டு பேருமே அதை நினைக்கவில்லை.

பலகையைப் பின்னுக்கு எடுத்தோம். அதை வாங்கிச் சுவரில் சாய்க்க நான் திரும்பினேன். பிளேடுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு மாட்டியிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது ஏகாம்பரம் குனிந்து, பிளேடின் பற்களை ஒட்டி இரண்டு கைகளின் விரல்களையும் விட்டு அதை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

உங்கள் வீடுகளிலும் இது நடக்கும். தெருவுக்கு வருகிற மூன்று பேஸ் லைனில் ஒன்றில் கரெண்ட் வந்துவிடும், இன்னொன்றில் வராது. பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், நம் வீட்டில் எரியாது. உடனே நம் வீட்டில் யாராவது போய், கரெண்ட் இருக்கிற லைனுக்குப் பேஸ் மாற்றுகிற குமிழைத் திருப்புவார்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்கிறவள் என் மனைவி. அவள் குள்ளம். குமிழ் எட்டாது. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித்தான் திருப்புவாள்.

உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

அவள் எதற்காகப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வேர்த்துக் கொட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். மின்விசிறி ஓட வேண்டும். அவளைக் கத்தி நிறுத்தலாம் என்றால், என்ன ஏது என்று அவளுக்குப் புரிவதற்குள் குமிழ் திரும்பியிருக்கும். என் கத்தலுக்குத் தூக்கிவாரிப் போடப்போவது பிளேடில் விரல் வைத்திருப்பவனுக்குத்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிளக்கைப் பிடுங்க நேரமில்லை. "கையை எடு" என்று சொல்லலாம். ஏகாம்பரத்தை எனக்குத் தெரியும். "இரு மாமா, வந்துடுச்சு" என்று இன்னொரு முறை ஆட்டுவான். ஏன் என்று கேட்பான். வேலையில் மூழ்கிய யாரும் அப்படித்தான் செய்வோம்.

இதையெல்லாம் அப்போது இவ்வளவு வரிசையாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். பாய் நிற்பது போல அவன் கண்ணுக்கு எதிரே நின்றிருந்தேன். பாயின் குரல் போலவே என் குரலும் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"மச்சான், கும்புடு" என்றேன்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அம்மனுக்குக் காப்புக் கட்டிய உடம்பு அது. குனிந்திருந்தவன் நிமிர்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே வைத்துக் கண்ணை மூடினான்.

ரம்பம் உறுமியது. மாட்டியிருந்த மரத்துண்டைத் தூக்கி எறிந்தது. அது அவன் இடுப்புக்குப் பக்கமாகப் போய், பின்னால் இருந்த தகரத்தில் 'டங்' என்று மோதியது.

ஏகாம்பரம் கண்ணைத் திறந்தான். கும்பிட்ட கையைப் பிரிக்காமல் ஓடுகிற பிளேடைப் பார்த்தபடி நின்றான். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிளக்கைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

உள்ளேயிருந்து செல்வியின் குரல் கேட்டது. "அப்பாடா, காத்து வந்துச்சும்மா."

என் மனைவி முகமெல்லாம் சிரிப்பாகப் பின்வாசலுக்கு வந்தாள். "பக்கத்து ஊட்ல கிரைண்டர் சத்தம் கேட்டுச்சு. டக்குனு பேஸ மாத்திட்டேன். எப்டி?"

ஏகாம்பரம்தான் சொன்னான்.

"நல்ல காரியம் செஞ்சக்கா. புள்ளைக்கு வேர்த்துச்சு இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் காலில் விழலாம் என்று தோன்றியது எனக்கு. நடந்தது இன்னது என்று அன்று அவளிடம் சொல்லவில்லை. ஆனால் தகரத்தில் விழுந்த பள்ளத்தை அவள் மறுநாள் கூட்டும்போது பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவனால் அக்காவிடம் மறைக்க முடியாது. அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள், விரல் விரலாகத் தொட்டாள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "காத்துக்காக உன் கைய எடுத்திருப்பேனேடா" என்று அழுதவளை எங்களால் தேற்ற முடியவில்லை. பிறகு பல நாள் அவள் அந்த ஸ்டூலைத் தொடவே இல்லை. கரெண்ட் போனால் செல்விக்கு விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அவள்மேல் என்ன தப்பு? பெற்ற பெண்ணுக்குக் காற்று வர வேண்டும் என்று நினைத்தது ஒரு தப்பா? வீடு என்றால் யாராவது ஒருத்தர் எதையாவது அன்பாகச் செய்துகொண்டுதான் இருப்பார்கள். கம்பெனியில் போர்டைப் பூட்டி வைக்கலாம். வீட்டில் முடியாது. அதனால்தான் வீட்டுப் பட்டறைக்குக் கம்பெனியைவிட அதிக எச்சரிக்கை வேண்டும் என்கிறேன். கரெண்ட் போன அந்த நொடியே பிளக்கைப் பிடுங்கி, உங்கள் கண்ணுக்கு எதிரே மேசைமேல் போடுங்கள். விசையைக் கயிற்றால் கட்டாதீர்கள். கரெண்ட் போய் வந்தால் தானாக ஓடாத பச்சை சிவப்புப் பொத்தான் சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, விசைக்குப் பதிலாக அதை மாட்டுங்கள். மாட்டிய பிறகும் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடில் சிக்கிய துண்டை விரலால் எடுக்காதீர்கள், ஒரு குச்சியால் தள்ளுங்கள்.

நாங்கள் சுவிட்ச் மாட்டினோம். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவித் துடைத்து, பிளேடின் மூடியைக் கழற்றிவிட்டு, பிளேடுக்கே சந்தனம் குங்குமம் வைத்தாள் என் மனைவி. எப்போதும் செய்வதுதான். பொட்டு அழிந்துவிடும் என்று மூடியை அப்புறம் நாள்கணக்கில் மாட்டாமல் விடுவதும் எப்போதும் நடப்பதுதான். அன்று தீபாராதனை முடிந்ததும் அவளே மூடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாட்டுங்க. மூடி மேல இன்னொரு பொட்டு வெச்சுக்கலாம். அவ கோச்சுக்க மாட்டா."

மணிக் கதை எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மரத்துண்டு தகரத்தில் மோதிய சத்தத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஏகாம்பரம் கும்பிட்டான், கை தப்பியது என்பதும் தெரு முழுக்கத் தெரியும். சத்தம் கேட்டது கை எழுந்த பிறகு. சொல்லிச் சொல்லி அது கைக்கு முன்னால் வந்து, மணியாகிவிட்டது. ஏகாம்பரமும் அந்த வருஷத்திலிருந்து ஆடிக்கு ஆடி அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறான். வரிசையில் நிற்பவர்கள் மணிக் கதையைச் சொல்லிக்கொண்டே குடிக்கிறார்கள்.

எழுதுவதற்கு முன் அவனிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று போன வாரம் பேச்சை எடுத்தேன். அவன் நம்பிக்கையில் கை வைக்கிறோமே என்ற பயத்தோடுதான் எடுத்தேன்.

"மச்சான், அன்னிக்கு மணி அடிக்கல. உனக்குத் தெரியுமா?"

அவன் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. "தெரியாம இன்னா? மைக்குல பாட்டுதான ஓடிக்கினு இருந்துச்சு. பூசாரி சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம்."

"அப்புறம் ஊரே மணி மணின்னு சொல்றப்ப இன்னாத்துக்கு சும்மா இருந்த?"

"நீ இன்னாத்துக்கு சும்மா இருந்த?"

கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"மாமா, கும்புடுன்ன. நீ சும்மா சொல்ற ஆளு இல்லன்னு கும்புட்டேன். கண்ணத் தொறந்தா கை கீது. அதுல அவ இல்லன்னு நீ எழுதப்போறியா?"

"அத எப்டிடா எழுதுவேன்? எழுத மாட்டேன்."

"மணி இல்லன்னு மட்டும் எழுதிக்க. நான் மணிக்கா கூழ் ஊத்தறேன்? கைக்கு ஊத்தறேன்."

இத்தனை வருஷம் நான் பயந்தது இந்த ஆளுக்காகவா என்று இருந்தது.

அந்த வார்த்தை என் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அம்மன் கொடுத்தது என்றுதான் இன்றும் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிளக்கைப் பிடுங்குவது என் வேலையாக இருந்தது. பாய் தன் வேலையை முடித்து, பியூஸைப் பையில் வைத்துக்கொண்டுதான் தொழப் போனார். வேலப்பன்சாவடித் தங்கையே, அந்தக் கயிற்றை விசையிலிருந்து அவிழ்த்து உன் சாமி படத்துக்குக் கட்டு. அதற்கு அங்கேதான் மரியாதை.

செல்விக்கு அந்த ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை முதலில் வாங்கிய ஆண் கை ஏகாம்பரத்தின் கை. தழும்போடு, பத்து விரலோடு.

இதை முடிக்கிற நேரத்தில் கரெண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. பேஸ் மாற்றுவதற்கு முன் என் மனைவி பின்வாசலுக்கு வந்து, "கையக் காட்டுங்க" என்பாள். நானும் ஏகாம்பரமும் இருக்கிற வேலையை விட்டு நான்கு கைகளையும் தூக்கிக் காட்டுவோம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூல் போடுவாள். இன்றும் வந்து நின்றாள்.

"நான் எழுதிக்கினு கீறேன். மெஷின் பக்கமே போவல" என்றேன்.

"இருந்தாலும் காட்டுங்க."

பேனாவை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் காட்டினேன்.

உங்கள் வீட்டில் ரம்பம் வைத்திருக்கிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது ஸ்டூல் சத்தத்தை விட்டுவிடாதீர்கள். கட்டியிருந்த விசையை விட்டுவிடாதீர்கள். என் மனைவி காற்றுக்காகத்தான் போனாள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவளை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. அம்மன் பெயரையும் விட வேண்டாம். நான் சொன்னதை நான் சொன்னபடியே சொல்லுங்கள். மணியை மட்டும் சேர்க்காதீர்கள்.